மரபுரிமையும் குடிபெயர்ந்தோரும்: நவீன கிரேக்க இலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

கிரேக்க இலக்கியம் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சிக்கு அந்நியமானதன்று. சான்றோர் செய்யுள்களை ஹோமரின் காவியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து பேராசிரியர் க. கைலாசபதி 1968ஆம் ஆண்டு வெளியிட்ட நூலும், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பெற்ற இடத்தை ஆராய்ந்து பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981ஆம் ஆண்டு வெளியிட்ட நூலும் ஒரே ஆசானின் வழிகாட்டலில் உருவானவை. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய ஜோர்ஜ் தொம்சனே அவ்வாசான். கிரேக்க அவலநாடகத்தை ஏதென்சின் சமூக உருவாக்கத்தோடு பொருத்தி விளக்கிய ‘ஈஸ்கிலசும் ஏதென்சும்’ (1941) என்னும் அவரது நூல் எமது மாணவர் பலருக்கு மார்க்சிய இலக்கிய ஆராய்ச்சியின் பாலபாடமாக அமைந்தது.

ஆயின், தொம்சனிடமிருந்து நாம் பெற்றுக்கொண்டது பண்டைக் கிரேக்கத்தை மாத்திரமே. அவரோ அதனோடு நின்றுவிடவில்லை. கிரேக்க மொழியைப் பண்டைக்காலந்தொட்டு இன்றைய பேச்சுவழக்கு ஈறாக ஒரே வரலாறாக நோக்கியவர் அவர். நவீன கிரேக்கக் கவிஞர் கொஸ்திஸ் பலமாஸ் ஜிப்சி ஒருவனைப் பாத்திரமாக்கி இயற்றிய நெடுங்கவிதையை 1969ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பண்டைக் கிரேக்கத்தைப் போற்றி, வாழும் கிரேக்கரை மறந்துவிடுவது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தை எதிர்த்த ஒருவரின் மாணவர் பரம்பரையினராகிய நாமும் அதனையே பின்பற்றி வந்துள்ளோம்.

மார்ச் மாதம் 25ஆம் திகதி கிரேக்கரின் தேசிய தினம். 1821ஆம் ஆண்டு ஒத்தமான் பேரரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் நினைவுநாளாகிய அதனை ஏதென்சில் மாத்திரமன்றி, நியூயோர்க், மெல்பேண் ஆகிய தூரதேச நகரங்களிற் குடியேறிய கிரேக்கரும் ஊர்வலங்களோடு கொண்டாடுகின்றனர். 2021ஆம் ஆண்டு அதன் இருநூறாவது நிறைவு பெருமெடுப்பில் நினைவுகூரப்பட்டது. இத்தகைய மேடைகளில் இரண்டு தொடர்கள் தவறாது ஒலிக்கும். ஒன்று, கிரேக்க தேசிய மரபுரிமை. மற்றது, கடல்கடந்த கிரேக்கரின் பங்களிப்பு. இவ்விரண்டையும் இணைத்து, மூவாயிரம் ஆண்டு மரபொன்றின் வாரிசுகள் தாம் சென்ற நாடுகளிலெல்லாம் அம்மரபின் ஒளியைப் பரப்பினர் என்று கூறிவிட்டால் விழா இனிது நிறைவுறும். யாருடைய மரபு, எந்தக் கிரேக்கர் என்ற வினாக்களுக்கு ஆங்கு இடமில்லை. அவ்வினாக்களை எழுப்பியோர் அந்நாட்டின் எழுத்தாளரே. அவர்களுள் மூவரை, எகிப்திற் பிறந்த கவாஃபி, சிர்க்காஸ் ஆகியோரையும், நாடுகடந்து வாழ நேர்ந்த ஹாட்சிஸையும் இக்கட்டுரையில் நோக்குவோம். அதற்கு முன்னர் வரலாற்றுப் பின்னணியைச் சிறிது தெளிவுபடுத்திக்கொள்ளல் அவசியம்.

நவீன கிரேக்கத் தேசியத்தின் கருவறைகளுட் பல கிரேக்க மண்ணுக்கு வெளியே இருந்தன. கிளர்ச்சிக்கு வித்திட்ட இரகசிய அமைப்பாகிய ‘நேசச் சங்கம்’ 1814ஆம் ஆண்டு கருங்கடற் கரையிலுள்ள ஒடெசாவில் நிறுவப்பட்டது. அதனை நிறுவிய மூவரும் வணிக உலகைச் சார்ந்தோர். அவர்களுக்கு முன்னோடியான ரீகாஸ் தமது புரட்சிப் பிரசுரங்களை வியன்னாவில் அச்சிட்டார். 1798ஆம் ஆண்டு பெல்கிரேட்டிற் கொல்லப்பட்டார். தேசிய மொழியின் சிற்பியெனப் போற்றப்படும் அதமாந்தியோஸ் கொராயிஸ், ஸ்மேர்னாவின் வணிகக் குடும்பமொன்றிற் பிறந்து, பாரிசில் வாழ்ந்து, 1833ஆம் ஆண்டு அங்கேயே மறைந்தார். பண்டை நூல்களை அவர் பதிப்பித்து வெளியிட்டதற்கான செலவைச் செல்வந்த வணிகரே ஏற்றனர். கருங்கடலிலும் மத்தியதரைக்கடலிலும் தானியக் கப்பலோட்டிப் பொருளீட்டிய ஒரு வர்க்கம், தனக்கென ஓர் அரசும் அவ்வரசுக்கென ஒரு பழம்பெருமையும் வேண்டி நின்றமையே இவற்றின் அடிப்படை. அவ்வர்க்கத்தின் முற்போக்கான பாத்திரத்தை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஒத்தமான் ஆட்சியின் நிலமானியத் தளைகளை உடைக்க அது துணைபுரிந்தது.

ஆயின் கொராயிஸ் வகுத்த நடுவழி காலப்போக்கில் ‘கதரேவுசா’ எனப்படும் தூயமொழியாக இறுகியது. மக்கள் பேச்சிலிருந்த துருக்கிய, இத்தாலியச் சொற்களைக் களைந்து, பண்டை இலக்கண வடிவங்களைப் புகுத்தி ஆக்கப்பட்ட இம்மொழி நீதிமன்றத்திலும் பாடசாலையிலும் செய்தித்தாளிலும் கோலோச்சியது. ‘திமோதிகி’ எனப்படும் மக்கள் வழக்குக் கொச்சையென ஒதுக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டு விவிலிய நற்செய்திகளை மக்கள் வழக்கில் மொழிபெயர்த்து வெளியிட்டபோது ஏதென்சிற் கலவரம் மூண்டு எட்டுப்பேர் உயிரிழந்தனர், அரசாங்கமே வீழ்ந்தது. 1903ஆம் ஆண்டு ஈஸ்கிலசின் நாடகத்தை எளிமைப்படுத்திய மொழியில் மேடையேற்றியபோதும் மீண்டும் கலவரம். ஈழத்தில் 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை அறிந்த எமக்கு இவ்வாதங்களின் தொனி பழக்கமானதே. எமது பண்டிதர் மைசிந்தியதோடு நிறுத்திக்கொண்டனர் என்பதே வேறுபாடு.

ஈண்டு ஒரு சிக்கலையும் மறைக்காது கூறவேண்டும். தூயமொழி வணிக வர்க்கத்தின் மொழி, மக்கள் வழக்கு உழைப்பாளரின் மொழி என்று கோடு கிழித்துவிட்டால் வேலை எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. 1901ஆம் ஆண்டுக் கலவரத்துக்குக் காரணமான மொழிபெயர்ப்பைச் செய்த அலெக்சாந்திரோஸ் பல்லிஸ் யார்? இந்தியாவிலும் இங்கிலாந்திலும் பெருவணிகம் நடத்திய ராலி சகோதரர் கம்பனியின் உத்தியோகத்தர். பம்பாயிலும் லிவர்பூலிலும் பணியாற்றியவர். அதே கம்பனியிலிருந்து மக்கள் வழக்குக்காக வாதாடிய வேறு எழுத்தாளரும் தோன்றினர். தேசமொன்றின் உள்நாட்டுச் சந்தைக்கும் பொதுக் கல்விக்கும் மக்கள் அறிந்த மொழியே ஏற்றது என்பதை இங்கிலாந்தின் முதலாளித்துவத்தைக் கண்கூடாகக் கண்ட இவ்வணிகர், ஏதென்சின் வழக்கறிஞரையும் உத்தியோகத்தரையும் விட நன்குணர்ந்திருந்தனர். இம்மொழிப் பிரச்சினையின் வர்க்க அடிப்படையை முதன்முதல் விவாதத்துக்குக் கொணர்ந்த நூலும் வெளிநாட்டிலிருந்தே வந்தது. ஜேர்மனியின் ஜேனா நகரில் மாணவராயிருந்த ஸ்கிளீரோஸ் எழுதி 1907ஆம் ஆண்டு வெளிவந்த ‘எமது சமூகப் பிரச்சினை’ என்பதே அது. கிரேக்க மார்க்சியத்தின் தொடக்கநூலாக அது கொள்ளப்படுகிறது.

எகிப்தின் பருத்தியாலும் வணிகத்தாலும் பெருஞ்செல்வம் திரட்டிய ஜோர்ஜ் அவெரோப், 1896ஆம் ஆண்டு முதலாவது நவீன ஒலிம்பிக் போட்டிக்காக ஏதென்சின் பழைய விளையாட்டரங்கைச் சலவைக்கல்லாற் புதுப்பித்தளித்தார். அவரது கொடைக்காக அரங்கின் முன்னே சிலையெழுப்பினர். அச்சலவைக்கல்லின் விலை நைல் நதிப் படுகையின் விவசாயி கொடுத்ததென்பது அச்சிலையின் பீடத்திற் பொறிக்கப்படுவதன்று. 1967 முதல் 1974 வரை கிரேக்கத்தை ஒடுக்கிய இராணுவத் தளபதிகள், பண்டை வீரர் வேடமணிந்த படையினரை அணிவகுக்கச் செய்து ‘கிரேக்கரின் போர்த்திறன்’ விழாக்களை நடத்தியதும் இதே அரங்கிலேயே. தூயமொழியைப் பாடசாலைகளில் மீண்டும் திணித்தோரும் அவர்களே. அவெரோப் முதலிய எகிப்து வணிகரின் கொடையால் எழுந்த மற்றொரு நிறுவனம் ஏதென்சின் பொலிதெக்னிக். அவர்களது சொந்த ஊராகிய மெட்சொவோவின் பெயரை அது இன்றும் தாங்குகிறது. 1973 நவம்பரில் மாணவர் அதனைக் கைப்பற்றி இராணுவ ஆட்சிக்கெதிராக வானொலி நடத்தினர். 17ஆம் திகதி அதிகாலை படைத் தாங்கி வாயிற்கதவை உடைத்து உட்புகுந்தது. ஒரே கொடையாளரின் இரு கட்டடங்களுள் ஒன்று சர்வாதிகாரத்தின் மேடையாகவும் மற்றது எதிர்ப்பின் கோட்டையாகவும் மாறின. மரபுரிமை என்பது வழங்கியவரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வணிகரின் குடிபெயர்வுக்குப் பின் உழைப்பாளரின் குடிபெயர்வு தொடங்கியது. 1893ஆம் ஆண்டில் உலர்திராட்சையின் விலை வீழ்ச்சியுற்றது. அதே ஆண்டிற் கிரேக்க அரசு வங்குரோத்தடைந்தது. ஒற்றைப் பயிரை நம்பி வாழ்ந்த பெலொப்பொனீஸ் விவசாயிகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் சென்றனர் என்பர். இவர்கள் சலவைக்கல் அனுப்பியவரல்லர். புகையிரதப் பாதை போட்டனர். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டினர். கிரீட் தீவிற் பிறந்து லூயிஸ் டிகாஸ் என்று அமெரிக்காவிற் பெயர்பெற்ற தொழிற்சங்க அமைப்பாளர், கொலராடோ மாநிலத்தின் லட்லோவில் வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரக் குடியிருப்புக்குத் தலைமை தாங்கியவர். 1914 ஏப்ரில் 20ஆம் திகதி படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று கூடாரத்தின் அடியிற் குழியொன்றில் ஒளிந்திருந்த இரு பெண்களும் பதினொரு குழந்தைகளும் தீயின் புகையில் மாண்டனர். ‘கடல்கடந்த கிரேக்கரின் பங்களிப்பு’ பற்றிய மலர்களில் நெடுங்காலம் டிகாஸின் பெயர் இடம்பெறவில்லை. கொலராடோவில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது 2018ஆம் ஆண்டிலேயே. விழா மலர்கள் எல்லா நாட்டிலும் ஒரே அச்சில் வார்க்கப்படுவனவோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இப்பின்னணியிலேயே கொன்ஸ்தாந்தீன் கவாஃபியை (1863–1933) அணுகவேண்டும். நவீன கிரேக்கக் கவிஞருள் உலகளாவிய புகழ் பெற்றவர் அவர். அவரைப் பற்றி இரு வாசிப்புகள் வழக்கிலுள்ளன. தேசியவாதிகள் அவரிடம் அலெக்சாந்தர் காலம் முதல் அறுபடாத கிரேக்கப் பெருமையைக் காண்கின்றனர். அழகியல்வாதிகளோ அவரைக் காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்ட ஏகாந்தியாகவும், பல்லின மக்கள் கலந்துறைந்த அலெக்சாந்திரியாவின் நறுமணமாகவும் கொள்கின்றனர். முதல் உலகப்போர்க் காலத்தில் அந்நகரில் வாழ்ந்து அவரை ஆங்கில உலகுக்கு அறிமுகஞ்செய்த ஈ. எம். ஃபோர்ஸ்டரின் நயமான சித்திரமும், லோரன்ஸ் டரெலின் நாவல்களும் இரண்டாவது வாசிப்புக்கு வலுவூட்டின. இரண்டு வாசிப்பும் ஒன்றைக் காணத் தவறுகின்றன. கவிஞர் வேலைக்குச் சென்றவர்.

கவாஃபியின் தந்தை கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து வந்து எகிப்தில் வணிகம் நடத்தியவர். 1870ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் குடும்பம் இங்கிலாந்திற் சில ஆண்டுகள் வாழ்ந்தது, வணிகம் நொடித்தது. 1882ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தகர்த்து எகிப்தைக் கைப்பற்றியபோது குடும்பம் மீண்டும் இடம்பெயர்ந்தது. திரும்பிவந்த மகன் 1892 தொடக்கம் 1922 வரை முப்பது ஆண்டுகள் பொது வேலைத் திணைக்களத்தின் நீர்ப்பாசனப் பிரிவில் எழுதுவினைஞராகப் பணியாற்றினார். கிரேக்கப் பிரசையாதலின் நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தற்காலிக நியமனமே. எகிப்தின் நீர்ப்பாசனம் என்பது லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி விளைவிக்கும் ஏற்பாடு. அவ்வேற்பாட்டின் கடிதங்களைப் பிரித்தானிய மேலதிகாரிகளுக்காக ஆங்கிலத்தில் வரைந்து, மாலையில் வீடுதிரும்பிக் கிரேக்கத்திற் கவிதை புனைந்தார் வீழ்ச்சியுற்ற வணிகக் குடும்பத்தின் கடைசி மகன். அவரது மொழியிலே தூயமொழியும் மக்கள் வழக்கும் விரவிக்கிடப்பதை இலக்கணக் குறையென்றும் தனிப்பாணியென்றும் வாதிட்டோருளர். வீட்டிற் கொன்ஸ்தாந்திநோபிளின் கண்ணியமொழியும், கடைத்தெருவில் அலெக்சாந்திரியக் கிரேக்கமும், அலுவலகத்தில் ஆங்கிலமும் வழங்கிய ஒரு சமூகத்தின் பேச்சு வேறெவ்வாறு இருந்திருக்கும்?

மரபுரிமையைப் பற்றிய அவரது கவிதைகளுட் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது 1906ஆம் ஆண்டு எழுதப்பட்ட ‘பொசெய்தோனியர்’. தென் இத்தாலியிற் குடியேறிய பண்டைக் கிரேக்கர் பலநூற்றாண்டு அந்நியரோடு கலந்து தம் மொழியை மறந்துவிட்டனர். முன்னோரிடமிருந்து அவர்களுக்கு எஞ்சியது ஒரு திருவிழா மட்டுமே. இசை, போட்டி, மாலை சூட்டல் எல்லாம் முறைப்படி நிகழும். இறுதியிற் பழைய பெயர்களை உச்சரிப்பர். அவற்றின் பொருள் சிலருக்கே புரியும். தாமும் ஒருகாலத்திற் கிரேக்கர் என்பது நினைவுக்கு வர, விழா துயரத்தில் முடியும். பண்டை நூலாசிரியர் அதெனேயஸ் தரும் செய்தியொன்றே கவிதையின் மூலம்.

இதனைத் தாய்மொழி அழிவுக்கான இரங்கலாக வாசித்துக் கண்ணீர் வடிப்பது எளிது. அவ்வாறே பெரும்பாலும் வாசிக்கப்பட்டுள்ளது. எமது கருத்து வேறு. இத்துயரத்தின் உள்ளடக்கம் யாது என்று கேட்கவேண்டும். அவர்கள் எதற்காக அழுகின்றனர்? ‘மகா கிரேக்கத்தின்’ குடிகளாயிருந்து ‘காட்டுமிராண்டிகளாக’ வாழநேர்ந்தமைக்காக. அயலவரோடு கலந்து வாழ்ந்த நூற்றாண்டுகளில் அவர்கள் உழுதிருப்பர், வணிகஞ் செய்திருப்பர், பிள்ளை பெற்றிருப்பர். அவ்வாழ்வெல்லாம் விழாவின் கண்களுக்கு வீழ்ச்சியாகவே தெரிகிறது. ‘காட்டுமிராண்டி’ என்ற சொல் கவிதையில் வருகிறதாயினும், அது அக்குடிகளின் மனக்குரல். கவிஞரின் தீர்ப்பென்று அதனைக் கொள்ளுதற்கில்லை. 1914ஆம் ஆண்டளவில் எழுதிய மற்றொரு கவிதையிற் கப்பலில் ஊர்திரும்பும் கிழக்குநாட்டுக் கிரேக்கர், தம்மிடம் ஆசியாவின் சுவைகளும் உணர்ச்சிகளும் கலந்திருப்பதை நாணமின்றி ஏற்று, அசல் கிரேக்கராக வேடமிடும் குறுநில மன்னரை நகையாடுகின்றனர். 1912ஆம் ஆண்டு வெளியான ‘கிரேக்க நேயன்’ என்னும் கவிதையின் நாயகன் அத்தகைய குறுநில மன்னனே. தன் நாணயத்தில் என்ன பொறிக்கவேண்டுமென்று சிற்பிக்கு ஆணையிடும் அவனது கவலையெல்லாம் கிரேக்கனென்ற பட்டத்தைப் பற்றியது. மரபுரிமையை நாணயத்திற் பொறிப்பவன் அதிகாரமுடையவன் என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன கவிதை பிறிதொன்றை நாமறியோம்.

1931ஆம் ஆண்டுக் கவிதையான ‘கி.மு. 200இல்’ என்பதும் இவ்வகையினதே. அலெக்சாந்தரின் வெற்றிகளால் விரிந்த புதிய கிரேக்க உலகத்தையும் பாக்திரியா, இந்தியா வரை சென்ற பொதுமொழியையும் பெருமிதத்தோடு எண்ணிப்பார்க்கும் குரல் அதில் ஒலிக்கிறது. தேசிய விழாக்களில் இக்கவிதை முழங்கப்படுவதுண்டு. ஆனால் தலைப்பிலுள்ள ஆண்டை முழங்குவோர் கவனிப்பதில்லை. மூன்றே ஆண்டில் உரோமப்படை மசிடோனியரை முறியடிக்கும். சிரியாவின் கிரேக்க அரசும் பத்தாண்டுக்குள் பணியும். பெருமிதத்தின் உச்சியில் நிற்பவனுக்குத் தெரியாதது வாசகனுக்குத் தெரியும். 1931ஆம் ஆண்டின் அலெக்சாந்திரியாவில், 76,000 கிரேக்கப் பிரசைகள் வாழ்ந்த எகிப்தில், விசேட சலுகைகளின் நிழலிற் செழித்திருந்த ஒரு சமூகத்தின் நடுவிலிருந்து இது எழுதப்பட்டது. அச்சலுகைகள் 1937ஆம் ஆண்டு மொன்திரோ உடன்படிக்கையால் முடிவுக்கு வந்தன.

இவ்வளவும் கூறியபின் கவாஃபியின் எல்லையையும் கூறல் கடன். அவரது அலெக்சாந்திரியாவிற் சிரியர், யூதர், ஆர்மீனியர், உரோமர் எல்லோரும் உளர். அந்நகரை அன்றாடம் சுமந்த அரபு உழைப்பாளி ஏறத்தாழ இல்லை. ஒரு விலக்கு உண்டு. 1906 ஜூனில் தென்ஷவாய் என்னும் ஊரிற் பிரித்தானிய அதிகாரிகள் ஊராரின் புறாக்களை வேட்டையாடியதாற் கைகலப்பு ஏற்பட்டது. அதன் முடிவில் அதிகாரியொருவர் வெயிலில் மயங்கி இறந்தார். ஊரார் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். தூக்கிலிடப்பட்ட இளைஞனின் தாய் புலம்புவதைக் கவாஃபி கவிதையாக்கினார். திகதியும் நேரமுமே தலைப்பு. ஆனால் அதனை அவர் வெளியிடவில்லை. பேழையிலேயே கிடந்தது. பிரித்தானிய மேலதிகாரியின் கீழ் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் பதவியை வகித்தவர் அவர் என்பதை இவ்விடத்தில் மீண்டும் நினைவுகூர்தல் தகும்.

இம்மௌனத்தை வரலாற்றிற் பொருத்தி விளக்க முயன்றவர் ஸ்திராதிஸ் சிர்க்காஸ் (1911–1980). கெய்ரோவிற் பிறந்தவர். இளமையில் மேல் எகிப்தின் பருத்தி அரைக்கும் ஆலைகளிற் கணக்காளராகவிருந்து விவசாயிகளின் வாழ்வை அருகிருந்து கண்டவர். 1937ஆம் ஆண்டு வெளிவந்த அவரது கவிதைத் தொகுதியின் பெயரே ‘பெல்லாகின்’, அதாவது எகிப்திய விவசாயிகள். பொதுவுடைமையாளர். 1958ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘கவாஃபியும் அவரது காலமும்’ என்னும் நூல் கவாஃபி ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியது எனலாம். அலெக்சாந்திரியக் கிரேக்கரை ஒரே சமூகமாகக் கொள்ளாது, ஆங்கில ஆதிக்கத்துக்கு முன் தலையெடுத்த பழைய குடும்பங்கள், அவ்வாதிக்கத்தோடு கைகோத்துப் பருத்தியால் உயர்ந்த புதிய குடும்பங்கள் என்று அவர் பகுத்தாராய்ந்தார். கவாஃபியின் வீழ்ச்சிப் பாடல்கள், வர்க்க நிலையிழந்த ஒருவர் வென்றோரைப் பார்த்த பார்வை என்று காட்டினார்.

இந்நூலின் திசையை நாம் முற்றாக ஏற்கிறோம். முறையை அவ்வாறு ஏற்பதற்கில்லை. சிர்க்காஸ் பல இடங்களிற் கவிதையைப் பூட்டாகவும் நிகழ்ச்சியொன்றைத் திறவுகோலாகவும் கொள்கிறார். ‘காட்டுமிராண்டிகளை எதிர்பார்த்தல்’ 1898ஆம் ஆண்டு எழுதப்பட்டமையால், அவ்வாண்டு சூடானில் நிகழ்ந்த பிரித்தானியப் படையெடுப்போடு அது பிணைக்கப்படுகிறது. காலப்பொருத்தம் சரியாயினும், முடிவெடுக்கும் ஆற்றலை இழந்து புறத்தேயிருந்து வரும் சக்தியொன்றில் விடிவு தேடும் ஆளும் வர்க்கத்தின் பொதுநிலை அக்கவிதையில் வடிக்கப்பட்டுள்ளது. அதனை ஒரு போர்ச்செய்தியாகச் சுருக்கினால் இலக்கியம் நாளிதழாகிவிடும். பிரதிபலிப்பு என்ற கோட்பாட்டை நேரடியாகப் பொருத்தும் இத்தவறு எமது விமர்சகரிடத்தும் காணப்பட்டதே. சிர்க்காஸ் தம் விமர்சனத்திற் செய்யாததை நாவலிற் செய்தார் என்பது சுவையான முரண். 1919ஆம் ஆண்டு எகிப்திய எழுச்சியைப் பொருளாகக்கொண்டு 1957ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘நூரெதீன் பொம்பா’ என்னும் குறுநாவலிற் கவாஃபி பேழையிலிட்ட எகிப்தியர் மையத்துக்கு வருகின்றனர். முந்திய ஆண்டிலேதான் நாசர் சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். மேற்கு நாட்டு மாலுமிகள் விலகிச் சென்றபோது கிரேக்க வழிகாட்டி மாலுமிகள் பணியிற் தொடர்ந்தனர். ‘பங்களிப்பு’ என்னும் சொல்லுக்குப் பொருளுண்டெனின் இதுவே அதற்குச் சிறந்த உதாரணம்.

1960க்கும் 1965க்குமிடையில் மூன்று பகுதிகளாக வெளிவந்த ‘ஆள்வாரற்ற நகரங்கள்’ சிர்க்காஸின் தலைசிறந்த படைப்பு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெருசலேம், கெய்ரோ, அலெக்சாந்திரியா மூன்றும் அதன் களங்கள். நாடு ஜேர்மனியரிடம் இருக்க, மத்தியகிழக்கில் நிலைகொண்ட கிரேக்கப் படையினர் 1944 ஏப்ரிலில் எதிர்ப்பியக்கத்தின் பக்கம் நின்று கிளர்ந்தெழுந்ததும், பிரித்தானியர் அவர்களை முற்றுகையிட்டு ஆயிரக்கணக்கானோரைப் பாலைவன முகாம்களில் அடைத்ததும் நாவலின் முடிச்சு. இரண்டாம் பகுதிக்குப் பெயர்தந்த அரியாக்னி கெய்ரோவின் ஏழைக்குடியிருப்பில் அரபு அயலவரோடு வாழும் கிரேக்கத் தாய். மரபுரிமையைப் பற்றி அவள் பேசுவதில்லை. பசித்தவருக்குச் சோறிடுகிறாள், தலைமறைவானவருக்கு இடங்கொடுக்கிறாள். பொசெய்தோனியாவின் விழாவிற் புரியாத பெயரை உச்சரிப்போருக்கும் இவளுக்குமிடையிலுள்ள தூரமே கவாஃபிக்கும் சிர்க்காஸுக்குமிடையிலுள்ள தூரம்.

முதற் பகுதி வெளிவந்ததும் அவரது கட்சி அதனைக் கண்டித்தது. இயக்கத்தினுள்ளே இறுகிய மனங்கொண்ட ஒரு செயலாளனை அதில் அவர் படைத்திருந்தமையே காரணம். நூலை மறுதலிக்க மறுத்தார், வெளியேற்றப்பட்டார். முதலாளித்துவ மரபுவாதம் இலக்கியத்துக்கு இழைத்த தீங்குகளைப் பட்டியலிடும் நாம் இதனையும் அதே பட்டியலிற் சேர்த்தாகவேண்டும். உழைக்கும் மக்களின் நகர்ப்புறப் பாடல்களாகிய ரெபெத்திகாவை மெத்தாக்சாஸ் சர்வாதிகாரம் 1936க்குப் பின் தணிக்கை செய்ததென்றால், இடதுசாரிகளுட் பலரும் அவற்றை உதிரிகளின் போதைப்பாட்டென்று நெடுங்காலம் முகஞ்சுழித்தே பார்த்தனர். மக்கள் மரபு எது என்பதை மக்களுக்கே கற்பிக்க முற்படும் அவசரம் எமது அணிக்கும் புதிதன்று.

திமித்ரிஸ் ஹாட்சிஸ் (1913–1981) மூன்றாமவர். வடமேற்குக் கிரேக்கத்தின் யனினா நகரிற் பிறந்தவர். 1949ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் இடதுசாரிகள் தோல்வியுற்றபோது எல்லைகடந்த பல்லாயிரவருள் ஒருவர். புடபெஸ்டில் நீண்டகாலம் வாழ்ந்தார். ‘எமது சிறுநகரின் முடிவு’ (1953) என்னும் சிறுகதைத் தொகுதியை அவர் அந்நியமண்ணிலிருந்தே எழுதினார். தோல் பதனிடுவோரின் பழைய தொழிற்குழாம் நவீன ஆலைப் பொருளின் முன் சிதைவதை அதன் முதற் கதை சொல்கிறது. அம்மக்களின் தொழிற்பெருமையில் ஹாட்சிஸ் மயங்குவதுமில்லை, அதனை எள்ளுவதுமில்லை. மற்றொரு கதை யனினாவின் யூதரைப் பற்றியது. அவர்கள் பலநூற்றாண்டாகக் கிரேக்க மொழி பேசிவந்தவர்கள். அவர்களை ஜேர்மனியர் கொலைமுகாமுக்கு லொறிகளில் ஏற்றிய நாள் 1944 மார்ச் 25, கிரேக்கத் தேசிய தினம். மொழியும் மண்ணும் தொன்மையும் மரபுரிமைக்கு அளவுகோல்களெனின் இவர்களிலும் பெரிய வாரிசு யார்? நெடுங்காலம் தேசிய விழாவின் உரைகளில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

இராணுவ ஆட்சி வீழ்ந்தபின்னரே ஹாட்சிஸ் நாடு திரும்பினார். 1976ஆம் ஆண்டு வெளிவந்த ‘இரட்டைப் புத்தகம்’ என்னும் நாவலின் நாயகன் கொஸ்தாஸ், ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிற் தொழிற்சாலைத் தொழிலாளி. 1960ஆம் ஆண்டு இரு அரசுகளும் செய்துகொண்ட தொழிலாளர் உடன்படிக்கையின்படி இலட்சக்கணக்கான கிரேக்கர் ஜேர்மனிக்குச் சென்றனர். கொஸ்தாஸ் அவர்களுள் ஒருவன். அவன் பேசுவது ஒரு புத்தகம். அவனைப் பற்றி எழுத்தாளர் எழுத முயல்வது மற்றொன்று. இரண்டும் பொருந்துவதில்லை. ஜேர்மனியருக்கு அவன் ஒரு கை. கிரேக்க அரசுக்கு அவன் அந்நியச் செலாவணி. ஊரையும் அவன் இழந்துவிட்டான். எழுத்தாளர் தேடும் கிரேக்கத்தை அவனிடம் காணமுடியவில்லை. அழுவதற்கென்று ஒரு திருவிழாகூட அவனுக்கில்லை. நாவலின் வடிவச் சிதைவைச் சில விமர்சகர் குறையாகக் கூறியுள்ளனர். சிதைந்தது வடிவமன்று, ‘கிரேக்க மக்கள்’ என்ற ஒருமைச் சொல் தாங்கிநின்ற நம்பிக்கையே அங்கு சிதைகிறது. தம் வாழ்நாள் முழுதும் அச்சொல்லுக்காகப் போராடிய ஒருவர் அதனை எழுதத் துணிந்தமையே நூலின் பெருமை.

ஹாட்சிஸ் 1981ஆம் ஆண்டு மறைந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரிற் புதிய சமவுடைமை அரசாங்கம் அரசியல் அகதிகள் யாவரும் நாடு திரும்பலாம் என்று அறிவித்தது. தாஷ்கந்திலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் முதியவர்கள் பேரப்பிள்ளைகளோடு வந்திறங்கினர். அறிவித்தலில் ஒரு நிபந்தனை இருந்தது: திரும்புவோர் ‘இனத்தாற் கிரேக்கராக’ இருத்தல் வேண்டும். அதே மலைகளில் அதே படையில் நின்று போரிட்டு, வீட்டிலே ஸ்லாவிய மொழியொன்றைப் பேசிய வடபுலத்து விவசாயிகளுக்கு அவ்வாயில் திறக்கப்படவில்லை.